வெஸ்டர்ன் குதிரையேற்றம்: கயிறு பிடிப்பதிலிருந்து டிரம் சுற்றுவது வரை

குமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. பவளம், கத்தியவாரி கலப்புப் பெட்டை. ராசு, காயடித்த மார்வாரி. இரண்டும் நம் நாட்டுக் குதிரை இனங்கள். ஞாயிற்றுக்கிழமை படிக்க வரும் பையன்கள் பைக்கை நிறுத்தும்போதே கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சொத்தவிளை பீச்சுல ஓட்டலாமா?" நான் சொல்வதும் ஒன்றுதான்: "ஓட்டலாம் மக்கா. முதல்ல ஒரு தடவ நிறுத்திக் காட்டு."

கீழே உள்ள வரிசை அந்தப் பதிலிலிருந்து வந்தது. நிறுத்தம் முதலில், திருப்பம் அடுத்து, வேகம் அதற்குப் பிறகு, விளையாட்டுப் பிரிவுகள் கடைசியில்.

வெஸ்டர்ன் முறை என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில முறையில் லகான் வழியாகக் குதிரையின் வாயோடு மெல்லிய தொடர்பு எப்போதும் இருக்கும். வெஸ்டர்னில் லகான் தொய்ந்து தொங்கும், பெரும்பாலும் ஒரே கையில் இருக்கும். சொல்ல வேண்டியதை உடம்பும் காலும் சொல்லும். குதிரை சொன்னதைச் செய்த நொடியே அழுத்தத்தை விட்டுவிடுவோம். அந்த விடுதல்தான் அதற்குக் கூலி. விடத் தெரியாதவர் சேணத்தையும் தொப்பியையும் மாற்றினாலும் இது வெஸ்டர்ன் ஆகாது.

1. ஏறுவதற்கு முன் எடைக் கணக்கு

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆள், சேணம், துணி எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. வெஸ்டர்ன் சேணம் கனமானது. தோல் சேணம் 15 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரை 450, 500 கிலோ நிற்கும் என்பதால் அங்கே இது பெரிய விஷயமில்லை. நம் பக்கத்துக் குதிரைகள் அப்படி இல்லை.

தராசு தேவையில்லை, தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும்.

பவளத்துக்குச் சுற்றளவு 165, நீளம் 145. கணக்கு 332 கிலோ என்கிறது. அதில் 20 சதவீதம் 66 கிலோ. தோல் சேணமும் அடித்துணியும் 17 கிலோ போனால் ஆளுக்கு மிச்சம் 49 கிலோ. நான் 72 கிலோ. அவள் மேல் நான் ஏறுவதில்லை. எட்டு கிலோ சிந்தெடிக் சேணமும் இரண்டு கிலோ அடித்துணியும் போட்டால் 56 கிலோ வரையுள்ள பிள்ளைகள் ஏறலாம், அவ்வளவுதான்.

"குதிரை தாங்கும்ணே" என்பார்கள். தாங்கும். முதுகு போனபிறகுதான் தெரியவரும்.

2. மாதம், நேரம், தரை

நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வேண்டாம். காற்றின் இரைச்சலில் குதிரைக்கு மற்றச் சத்தங்கள் கேட்காது. கேட்காதபோது அது எல்லாவற்றுக்கும் மிரளும். முப்பந்தல் காற்றாலை இறக்கையின் நிழல் தரையில் வெட்டிவெட்டிப் போவதைப் பார்த்து ராசு ஒருமுறை பக்கவாட்டில் ஏழெட்டு அடி தாவினான்.

வெப்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 130க்குக் கீழே கவலையில்லை. 150ஐத் தாண்டினால், அதிலும் பாதிக்கு மேல் ஈரப்பதமாக இருந்தால், வியர்வை காயாது, குதிரை குளிராது. 180ஐத் தொட்டால் வெளியே எடுக்கவே கூடாது. இங்கே கடற்கரையோரம் தை மாத விடியற்காலையிலேயே 73 டிகிரி, 80 சதவீதம் என்று 153 வந்துவிடும். ஆக, நாம் எப்போதுமே எச்சரிக்கைக் கோட்டில்தான் இருக்கிறோம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், 40 நிமிடப் பாடம், நடுவில் இரண்டு முறை நிழலில் நிறுத்தம் என்று நான் வைத்திருப்பது அதனால்தான்.

தரைக்கு 20 மீட்டருக்கு 40 மீட்டர் இடம் போதும். கோடையில் நம் செம்மண் கல்போல் இறுகிவிடும், மேலாக இரண்டு அங்குலம் கிளறிவிடுங்கள். தென்னைக்கு நேர் அடியில் பாடம் வேண்டாம். தேங்காயை விட மட்டை மோசம். விழும்முன் அது எழுப்பும் சரசரப்புக்கே குதிரை கிளம்பிவிடும்.

3. உடுப்பு

குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்ற ஹெல்மெட் வாங்குங்கள். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப் 1163 அல்லது ஈஎன் 1384 என்ற முத்திரை இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் கனம், கழுத்தை இழுக்கும், பக்கத்தில் நடப்பதும் தெரியாது. கௌபாய் தொப்பி போட்டோவுக்கு. ஒருமுறை பலமாக விழுந்தால் ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே நொறுங்கியிருப்பது வெளியே தெரியாது.

காலணிக்கு ஒரு அங்குலக் குதிகால் வேண்டும். அது இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துவிடும், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ரப்பர் தோட்டத்துக் கம்பூட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது அகலம், அங்கவடியில் சிக்கும். வேட்டி, லுங்கி கூடாது. உள்தையல் தடிக்காத ஜீன்ஸ் நல்லது.

ஆளுக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், குதிரைக்கும் பாருங்கள். குதிரையை அந்த நோய் மிக எளிதில் பிடிக்கும்.

4. சேணம் வாங்கும் முன் முதுகைப் பாருங்கள்

நான் செய்த தவறு இது. பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று குதிரையைப் பார்க்காமலே வாங்கினேன். குவார்ட்டர் ஹார்ஸின் அகலமான முதுகுக்குச் செய்த சேணம் அது. மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் கழுத்து முதுகோடு சேரும் தோள்மேடு உயரம், பக்கங்கள் ஒடுக்கம். சேணம் முன்பக்கம் அமுங்கி ராசுவின் தோள்மேட்டில் உட்கார்ந்தது. மூன்றாம் வாரம் அங்கே ரோமம் கொட்டியது. ஒரு மாதம் சும்மா நின்றான்.

சோதனை எளிது. துணியில்லாமல் சேணத்தை வையுங்கள். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு ஆளை ஏற்றி மறுபடி பாருங்கள், எடை ஏறினால் இடைவெளி குறையும். இடைவெளி போதவில்லை என்று சாக்கையும் பெட்ஷீட்டையும் மடித்துத் திணிக்கக் கூடாது. இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சாக்ஸ் போடுவது மாதிரிதான் அது. ஒரு அங்குலத் தடிமனுள்ள ஃபெல்ட் துணி ஒன்று போதும்.

தோலா, சிந்தெடிக்கா என்று கேட்டால் குமரி மாவட்டத்துக்கு நான் சிந்தெடிக் என்பேன். எடைக் காரணம் ஏற்கெனவே சொன்னேன். இரண்டாவது, ஐப்பசி மழையில் தோல் சேணம் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும்.

5. வாய் இரும்பு

வெஸ்டர்ன் என்றதும் நீளத் தண்டுள்ள கர்ப் இரும்பை வாங்கி மாட்டுகிறார்கள். அது நெம்புகோல். கை ஒரு பங்கு இழுத்தால் தாடையில் பல பங்கு இறங்கும். பதமான கைக்கும் பதமான குதிரைக்கும் உரியது. வெஸ்டர்ன் போட்டிகளிலேயே ஐந்து வயது வரையான குதிரையை, நெம்புத் தண்டில்லாத சாதாரண ஸ்னாஃபிள் இரும்பு போட்டு இரண்டு கையால் ஓட்ட அனுமதி உண்டு. நீங்களும் முதல் ஆறு மாதம் ஸ்னாஃபிளிலேயே இருங்கள்.

சந்தையில் முள் வைத்த இரும்பு இன்னும் விற்கிறது. வண்டிக் குதிரைகளுக்கும் பொதிக் குதிரைகளுக்கும் அதை 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்துவிட்டன. முள்ளுக்குப் பழகிய குதிரையை வாங்க நேர்ந்தால் நாக்கையும் கடைவாயையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். வலிக்கும் வாயால் எதையும் கற்க முடியாது.

6. தரையில் நின்று பழகுவது

முதல் நான்கு வகுப்பு ஏறவே விடமாட்டேன். பாதிப் பேர் இங்கேயே கழன்றுவிடுவார்கள், பரவாயில்லை.

பன்னிரண்டடிப் பருத்திக் கயிறு, தலைக்கயிறு, ஆள். கயர் கயிறு வேண்டாம், கையை அறுக்கும். குதிரையின் இடப்பக்கம், தோளுக்கு நேரே நின்று நடத்துங்கள். முன்னால் நின்று இழுக்காதீர்கள். மிரண்டால் அது உங்கள் மேல்தான் வரும்.

மாடு பிடித்துப் பழகிய பையன்கள் எல்லோரும் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்கள். மாடு இழுத்தால் தோள் போகும், குதிரை இழுத்தால் விரல் போகும். மிச்சக் கயிற்றை எட்டுப்போல மடித்து, மடிப்பின் நடுவே பிடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் மூன்று வேலை. சொன்னதும் நிற்க வேண்டும். மார்பில் விரல் வைத்தால் பின்னால் போக வேண்டும். விலாவில் விரல் வைத்தால் பின்பக்கத்தை விலக்க வேண்டும். மூன்றிலும் முறை ஒன்றே: மெல்லத் தொடு, காத்திரு, கொஞ்சம் கூட்டு, ஓரடி நகர்ந்ததும் கையை எடு. பின்னாளில் சேணத்தில் உட்கார்ந்து காலால் சொல்லப்போவது இதையேதான் என்பதால் இங்கே செலவிடும் நேரம் வீணில்லை.

கட்டும்போது கண் உயரத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சில், தலைக்கயிற்றில் கட்டுங்கள். லகானைக் கட்டாதீர்கள். எங்கள் தோப்பில் அதற்கென்று ஒரு பலா மரம் இருக்கிறது, சக்கை காய்க்கும் மாதங்களில் அதுவும் இல்லை.

7. சேணம் பூட்டும் வரிசை

முதலில் குளம்பைச் சுத்தம் செய்யுங்கள், சரளைக்கல் உள்ளே மாட்டியிருக்கும். பிறகு முதுகைத் தடவிப் பாருங்கள், ஒரு முள் இருந்தாலும் சேணத்துக்கு அடியில் புண்ணாகும்.

துணியைத் தோள்மேட்டுக்குச் சற்று முன்னே போட்டுப் பின்னால் இழுங்கள், ரோமம் படியும். சேணத்தைத் தொப்பென்று போடாமல் இறக்கி வையுங்கள். துணியின் முன்பகுதியைச் சேணத்தின் வளைவுக்குள் தூக்கிவிடுங்கள், காற்று போகும்.

அடுத்து வார்கள். முன் வயிற்று வார் முதலில், பின் வார் இரண்டாவது, மார்பு வார் கடைசி. கழற்றும்போது நேர் எதிர். முன் வாரை முதலில் அவிழ்த்து, பின் வார் மட்டும் மாட்டியிருக்கும்போது குதிரை நகர்ந்தால் சேணம் வயிற்றுக்கடியில் உருண்டு பின்னங்காலில் இடிக்கும். அதற்குமேல் அந்தக் குதிரையைப் பிடிப்பது நடக்காது.

முன் வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். மூச்சை அடக்கி வயிற்றை உப்பவைக்கும் குதிரைகள் உண்டு, பவளம் அதில் தேர்ந்தவள். ஒருமுறை இறுக்கி, பத்தடி நடத்தி, இன்னொருமுறை இறுக்கி, ஏறும்முன் மூன்றாம் முறை பாருங்கள். ஏறி ஐந்து நிமிடம் கழித்து நான்காம் முறை.

8. ஏறுவதும் உட்காருவதும்

படிக்கல் மேல் நின்று ஏறுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒருபக்கம் இழுபட்டு முதுகை முறுக்கும். இடது கையில் லகானோடு பிடரியையும் சேர்த்துப் பிடியுங்கள். சேணத்தின் முன்னால் நீட்டியிருக்கும் கொம்பைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வலது காலைப் பின்புறத்தில் இடிக்காமல் சுற்றிப் போட்டு மெல்ல அமருங்கள். ஏறியதும் குதிரை நடக்கத் தொடங்கினால் நிறுத்தி, பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள்.

அங்கவடியில் எழுந்து நின்றால் சேணத்துக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி போதும். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே கோட்டில் இருக்கட்டும். வெஸ்டர்ன் சேணம் சாய்வு நாற்காலி மாதிரி ஆழமாக இருப்பதால் பைக் ஓட்டுகிறவர்கள் காலை முன்னே நீட்டிச் சாய்ந்துவிடுவார்கள். குதிரை நின்றால் கால் முன்னே, உடம்பு பின்னே. உங்களுக்கு அடியிலிருந்து குதிரையை மந்திரத்தால் மறைத்துவிட்டால் பாதம் ஊன்றி நிற்க வேண்டும், முதுகடித்து விழக் கூடாது. அதுதான் அளவு.

9. நிறுத்தம்

ஒரு முழு வகுப்பை இதற்கு மட்டும் கொடுங்கள். வரிசை: உடம்பு, குரல், கை.

நடையில் போகும்போது மூச்சை விட்டு, இடுப்பைத் தளர்த்திச் சேணத்தில் அமுங்குங்கள். அடுத்த நொடி "வோ" என்று ஒருமுறை சொல்லுங்கள். நிற்காவிட்டால் மட்டும் லகானைத் தூக்குங்கள். நின்றதும் கையைக் கழுத்தில் இறக்கிவிடுங்கள். இதே வரிசையில் இருபது முறை செய்தால் இருபத்தோராவது முறை கை தேவைப்படாது. மூச்சு விடும்போதே குதிரை நிற்பதைப் பார்ப்பீர்கள்.

பெரிய தவறு குரலில். மிரளும் குதிரையைச் சமாதானப்படுத்த "வோ, வோ, வோ" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அப்புறம் மதிப்பில்லை. நிற்க ஒரு சொல், தேற்ற வேறு சொல். நான் தேற்றுவதற்கு "பைய, பைய" என்கிறேன், ராசுவுக்கு நன்றாகப் புரிகிறது.

அவசரத்துக்கு ஒற்றை லகான் நிறுத்தம். ஒரு பக்க லகானைக் குறுக்கிப் பிடித்து, தலையை உங்கள் முழங்கால் பக்கம் வளைத்து, கால்கள் ஓயும்வரை பிடித்து, ஓய்ந்ததும் விடுங்கள். இதை நிற்கும்போதும் நடையிலும் பழகி வையுங்கள். முழு ஓட்டத்தில் தலையை வெடுக்கென்று வளைத்தால் குதிரை கால் பின்னி விழும். அங்கே பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும்.

10. ஒற்றைக் கைத் திருப்பம்

இடது பக்கம் போக வேண்டுமா? கையை இடப்பக்கம் மூன்று நான்கு விரல் நகர்த்துங்கள். வலது லகான் கழுத்தின் வலப்பக்கத்தைத் தொடும், குதிரை அந்தத் தொடுகையிலிருந்து விலகி இடது பக்கம் திரும்பும். இழுப்பு இல்லை, தொடுகைதான்.

சிக்கல், நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான குதிரைக்கு இது தெரியாது. வண்டி இழுத்தோ கல்யாண ஊர்வலத்தில் நடந்தோ பழகியிருக்கும். தெரியாத குதிரையிடம் ஒற்றைக் கையால் செய்தால் லகான் இறுகி மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். "சொன்ன பேச்சு கேக்கலண்ணே" என்பார்கள். அது கேட்டது, நீங்கள் சொன்னதுதான் வேறு.

கற்றுக்கொடுக்க இரண்டு கையிலும் லகானைப் பிடியுங்கள். முதலில் வெளி லகானைக் கழுத்தில் வையுங்கள். ஒரு நொடி காத்திருங்கள். திரும்பாவிட்டால் உள் லகானை லேசாகத் திறந்து மூக்கைக் காட்டுங்கள். ஓரடி திரும்பியதும் இரண்டையும் விடுங்கள். முதலில் தொடுகை, பிறகுதான் உதவி. இந்த வரிசை மாறினால் மாதக்கணக்கில் செய்தாலும் பலனில்லை. ராசுவுக்கு ஆறு வாரம் ஆனது. பவளம் இன்னும் வலப்பக்கம் அரைமனதாகத்தான் திரும்புகிறாள்.

11. ஜாக், லோப்

குளம்பு தரையில் தட்டுவதை எண்ணினால் நடை நான்கு தட்டு, ஜாக் இரண்டு தட்டு, லோப் (மெதுவான பாய்ச்சல்) மூன்று தட்டு. கண்ணை மூடி எண்ணிப் பழகுங்கள் (கயிறு வேறொருவர் கையில் இருக்கும்போது).

ஜாக் என்பது மெதுவான டிராட், அதாவது துள்ளுநடை. துள்ளலைத் தாங்க முடியாமல் முழங்காலால் இறுக்கினால் இன்னும் துள்ளும். தொடையைத் தளர்த்தி, ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கற்கும்போது அதில் வெட்கமில்லை, டிரம்மைச் சுற்றி ஓடும் பேரல் ரேஸ்காரர்களே பிடிக்கிறார்கள். சில மார்வாரிகளுக்குப் பிறவியிலேயே ஒருபக்கக் கால்களைச் சேர்த்து வைக்கும் வழுக்கு நடை உண்டு. அதனிடம் இரண்டு தட்டு ஜாக் வராது. அது குறையில்லை, அதை அடித்துத் திருத்தவும் வேண்டாம்.

ஜாக்கில் பத்து முறை லகான் தொய்ந்தபடியே நிறுத்த முடிந்த பிறகு லோப். இடப்பக்க வட்டத்தில் இடது முன்னங்கால் முந்தி விழ வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் குதிரை தடுமாறும். வட்டத்தின் வெளிப்பக்கக் காலை வாருக்குச் சற்றுப் பின்னே அழுத்திக் கேளுங்கள். தவறான கால் வந்தால் திட்டாமல் ஜாக்குக்கு இறங்கி மறுபடி கேளுங்கள். முன்னே குனிந்து கேட்பதுதான் பெரும்பாலும் காரணம்.

12. தோப்புக்கு வெளியே

முதல் வெளிநடை சானல் கரையில், இரண்டு குதிரையாக, பழகியது முன்னே. தேசிய நெடுஞ்சாலை 44 பக்கமே போகாதீர்கள். நாய்கள்தான் பெரிய தொல்லை. துரத்தி வந்தால் ஓடாதீர்கள். குதிரையை நாயைப் பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள், பெரும்பாலும் நாய் நின்றுவிடும். கோயில் கொடையோ தேவாலயத் திருவிழாவோ நடக்கும் ஊரில் வெடி எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, அன்று வேறு வழி.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் நிழல் நன்றாக இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், பால்வெட்டும் நேரத்தில் வேண்டாம். மரத்தில் மாட்டியிருக்கும் சிரட்டை முழங்காலில் இடித்தால் பாலும் போகும், முழங்காலும் போகும். மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை படபடக்கும். முதலில் இறங்கி நடத்திக் காட்டுங்கள்.

இப்போது கடற்கரை. வறண்ட மணலில் பாதம் புதையும், தசைநாருக்குக் கெடுதி. அலைக்கு அருகில் இறுகிய ஈர மணலில்தான் போக வேண்டும், அதுவும் நடையில் பத்து நிமிடத்தில் தொடங்கி. நம் கரைகள் பல இடங்களில் சரிவானவை. கட்டுமரம், வலை, நங்கூரக் கயிறு எல்லாம் கிடக்கும். அலை பின்வாங்கும்போது தரையே நகர்வதுபோல் தோன்றிக் குதிரை பக்கவாட்டில் போகும், பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தலை சுற்றும். கண்ணைத் தண்ணீரில் வைக்காமல் தூரத்துப் பனை ஒன்றில் வையுங்கள்.

13. எந்தப் பிரிவு?

டிரெயில்: இதில் தொடங்குங்கள். வேகம் தேவையில்லை, பொறுமைதான் மதிப்பெண். கழிகளைத் தாண்டுவது, பலகைப் பாலம், குதிரை மேலிருந்தே கதவைத் திறந்து மூடுவது, ஆங்கில எல் வடிவில் பின்னோக்கி நடப்பது. நடைக்குக் கழிகள் 20 முதல் 24 அங்குல இடைவெளி, ஜாக்குக்கு 36 முதல் 42, லோப்புக்கு 6 முதல் 7 அடி. சிறிய குதிரைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தடி உருளும், குளம்பு பட்டால் ஆபத்து. கமுகுத்தடியை வைத்து இரு பக்கமும் கல் அண்டக்கொடுங்கள்.

பேரல் ரேஸ்: மூன்று டிரம், மூன்று இதழ் போன்ற பாதை. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் டிரம் 60 அடி, முதலுக்கும் இரண்டாவதுக்கும் 90, மூன்றாவதுக்கு 105. வலப்பக்க டிரம்மில் தொடங்கினால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம். தண்ணீர் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் போதும். டிரம் விழுந்தால் 5 விநாடி கூடும். விழக் காரணம் எப்போதும் ஒன்றே: டிரம்மைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது. ஐந்தடி தள்ளி உள்ள தரையைப் பாருங்கள், குதிரை அங்கே போகும். ஒரு மாதம் நடையிலும் அடுத்த மாதம் ஜாக்கிலும் சுற்றுங்கள். ஓட்டத்திலேயே தொடங்கினால் வாசலைப் பார்த்தாலே துள்ளும் குதிரை உருவாகும், அதைத் திருப்பிச் சரிசெய்வது பெரும்பாடு.

போல் பெண்டிங்: 21 அடிக்கு ஒன்றாக ஆறு கம்பங்கள், வளைந்து வளைந்து போய்த் திரும்ப வேண்டும். ஒற்றைக் கைத் திருப்பத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ரெய்னிங்: வெஸ்டர்னின் நாட்டியம் என்று சொல்லலாம். பெரிய வேக வட்டம், சிறிய மெதுவட்டம், சுழற்சி, சறுக்கு நிறுத்தம். எல்லோரும் 70 மதிப்பெண்ணில் தொடங்குவார்கள், ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றரை வரை கூடும் அல்லது குறையும். வட்டங்களை நாம் தாராளமாகப் பழகலாம். சறுக்கு நிறுத்தத்தை முயலவே கூடாது. அதற்கு இறுகிய அடித்தளத்தின் மேல் தளர்ந்த மணல், பின்னங்காலுக்கு அகலமான வழுவழுப்பு லாடம், பழகிய குதிரை மூன்றும் வேண்டும். சாதாரண லாடத்தோடு நம் செம்மண்ணில் செய்தால் பின்னங்கால் மூட்டு போகும்.

வெஸ்டர்ன் பிளஷர்: வேலியோரம் மெதுவாக, தொய்ந்த லகானில் மூன்று நடையும் காட்டுவது. பார்க்கச் சப்பென்று இருக்கும், செய்து பாருங்கள்.

மாட்டைப் பிரிக்கும் கட்டிங், கயிறு வீசும் ரோப்பிங் ஆகியவற்றுக்குப் பழகிய குதிரையும் பழகிய மாடும் வேண்டும். பக்கத்து வீட்டுச் சினைப்பசுவைத் துரத்தி இதைக் கற்க முடியாது. கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

14. இறங்கிய பிறகு

கடைசிப் பத்து நிமிடம் நடைதான். இறங்கியதும் முன் வாரை ஒரு துளை மட்டும் தளர்த்துங்கள். நாடியைத் தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. பாடம் முடிந்து பத்து நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்காவிட்டால் நீங்கள் அதிகம் வேலை வாங்கியிருக்கிறீர்கள், மறுநாள் ஓய்வு. வியர்த்த குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்பார்கள். நம் வெக்கையில் ஊற்றாவிட்டால்தான் ஆபத்து. ஊற்றுங்கள், வழியுங்கள், மறுபடி ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள். நாள் ஒன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். காணமும் தவிடும் ஒரு மணி நேரம் கழித்து, உப்புக்கட்டி எப்போதும்.

தண்ணீர் ஊற்றும் முன், சேணத்தைத் தூக்கியதுமே முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் சீராகப் படிந்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. அந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். முதுகை நெளித்தால் அது ஆறும்வரை சேணம் வேண்டாம், தரைப்பாடம் மட்டும் நடத்துங்கள். அடித்துணியைக் கழுவி, வியர்வைப் பக்கம் மேலே இருக்கும்படி வேலியில் காயப்போடுங்கள். பவளம் எட்டாத வேலியாகப் பாருங்கள், உப்புக்காக நக்கி நக்கி இரண்டு துணியைத் தின்றிருக்கிறாள்.